லீவுக்குச் சொன்ன காரணம்

தம்பி, உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிச் சட்டம் படித்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமையானால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நீதான் பேசுவாய். சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று கேட்டு முடிப்பதற்குள் மீட்டர் ஓடிவிடும். இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் அத்தையும் காங்கேயம் பக்கம் உன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார்கள். நீ மண்டபத்துக்காரரைப் பார்க்கச் சரவணம்பட்டி போயிருக்கிறாய். கல்யாணம் முடிந்த கையோடு நீயும் பூங்கொடியும் மெட்ராஸ் கிளம்பிவிடுவீர்கள். இந்த நேரத்தில் அம்மாக்கள் மகனுக்கு நாலு புத்தி சொல்வார்கள். எனக்குச் சொல்வதற்குப் புத்தி ஒன்றும் கைவசம் இல்லை, கேட்பதற்குச் சந்தேகம்தான் இருக்கிறது. அதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பூங்கொடியைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். மில் ஆபீசில் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியால் தெரிந்தது. அதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று நினைத்து நினைத்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அது என்ன என்று இந்தக் கடிதம் முழுக்க நீ தேடினாலும் கிடைக்காது, அதனால் வேகமாகப் புரட்டாமல் நிதானமாகப் படி. உன் வக்கீல் கண்ணோடு படிக்காதே, என் மகனாகப் படி. இல்லை, வக்கீலாகவே படி. எப்படிப் படித்தால் சரியாக வரும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ சம்பந்தம் பேசுகிறார்கள் என்றால் ஜாதகம் பார்த்த பிறகு, வீட்டுக்கு வருவதற்கு முன்னால், வேலை செய்யும் இடத்துக்கு வந்து விசாரிப்பார்கள். நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய், மில் கேட்டுக்கு எதிரே பேக்கரியில் வெள்ளை வேட்டியோடு இரண்டு பெரியவர்கள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தால் யாருக்கோ கல்யாண யோகம் என்று அர்த்தம். டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை, வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை, கடைசியாக ஆள்கணக்குப் பார்க்கும் என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். "ஏனுங்க அம்மிணி, ஒரு சங்கதி கேக்கோணுங்க. பையன் குடி கிடி உண்டுங்களா? சம்பளம் ஊட்டுக்கு வருதுங்களா?" நானும் சொல்வேன். நல்லவனை நல்லவன் என்பேன். கெட்டவனைக் கெட்டவன் என்று சொல்லாமல், "இன்னும் நாலு எடத்துல கேட்டுக்கோங்க" என்பேன். அவர்களுக்குப் புரிந்துவிடும். அதை நான் ஒரு புண்ணிய காரியமாகத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு குடிகாரனிடம் மாட்டாமல் தப்புகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு நோட்டீஸ் வந்தது. எங்கள் மில்லில் சுப்பிரமணி என்று இரண்டு பேர். ஒருவர் கோயில் குளம் என்று போகிறவர், மற்றவர் வேறு மாதிரி. விசாரிக்க வந்தவர்களிடம் வாட்ச்மேன் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார். கோயில் சுப்பிரமணிக்குப் பேசியிருந்த சம்பந்தம் கைவிட்டுப் போனது. அவர் ஒரு வக்கீலைப் பிடித்து மில்லுக்கு நோட்டீஸ் விட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பையன் வக்கீலுதானுங்களே, சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். அப்படித்தான் நீ கறுப்புக் கோட்டோடு எங்கள் ஆபீசுக்குள் முதல்முதலாக வந்தாய். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார், எல்லோருக்கும் காபி நானே வாங்கிவரச் சொன்னேன். நீ பேசியதுதான் எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

மேனேஜர் கேட்டார், "ஆள்களைப் பத்தி வெளியாளுங்க கிட்டச் சொல்றதுக்குச் சட்டம் எதுனா இருக்குதுங்களா?" நீ, "இதுக்குன்னு தனியா ஒரு சட்டம் நம்ம நாட்டுல இன்னும் வரலீங்க" என்றாய். "அப்பச் சொல்லலாமுங்களா?" "சொல்லலாம்னு எந்தச் சட்டமும் சொல்லலீங்க." "சரிங்க, சொல்லக்கூடாதுன்னு?" "அதையும் நேரடியாச் சொல்லலீங்க. பொய்யைச் சொல்லி ஒருத்தர் பேரு கெட்டுதுன்னா அவதூறு கேசு வருமுங்க. உண்மையச் சொன்னாலும் தொந்தரவு வராதுன்னு நான் எழுதித் தர மாட்டனுங்க." மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். கடைசியில் நீ கொடுத்த யோசனை இதுதான்: யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் ஆபீசிலிருந்து ஒரே பதில். நாங்கள் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. சம்பந்தப்பட்டவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் இன்ன வேலை, இத்தனை வருஷம், இவ்வளவு சம்பளம், அதோடு சரி. நல்லது கெட்டது எதுவும் நம் வாயிலிருந்து வரக்கூடாது. அதை அங்கேயே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது பூங்கொடி. அவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்பதால் நீயும் கழற்றிவிட்டுப் போனாய். திரும்பி வரும்போது செருப்பை மாட்ட உனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நீ போட்டுக் கொடுத்த அந்த விதியால் முதலில் அடிபட்டவன் ஃபிட்டர் சண்முகம். டீகூட குடிக்காத பையன். அவனை விசாரிக்கப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்தார்கள். நான் நீ சொல்லிக்கொடுத்தபடியே, "நாங்க யாரைப் பத்தியும் சொல்றதில்லீங்க" என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்புடிங்களா, சரிங்க, வாரோமுங்க" என்று எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சம்பந்தம் அதோடு முடிந்தது. நம் சனத்துக்கு யாரையும் வாய்விட்டுக் குறை சொல்லிப் பழக்கமில்லை, குறை இருந்தால்தான் பேச்சை விழுங்குவார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் நான் பேச்சை விழுங்கினால் என்ன நினைப்பார்கள்? மறுவாரம் சண்முகம் என் மேஜைக்கு வந்து நின்றான். "அவிங்ககிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க மேடம்?" என்றான். "ஒண்ணுமே சொல்லலையே சண்முகம்" என்றேன். "அதைத்தானுங்க கேக்கறேன், ஏனுங்க ஒண்ணும் சொல்லாம உட்டீங்க?" என்றான். விதியை எடுத்துக் காட்டினேன். அவன் படித்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான், ஷிப்டுக்குப் போய்விட்டான்.

அன்று சாயந்தரம் உன்னைப் பிடித்து நான் வறுத்தெடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "நல்லவனுக்கு நல்லவன்னு சொல்றதுக்குக்கூட உன் சட்டம் வாயைக் கட்டுதா?" என்று கேட்டேன். நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே, "எல்லாத்துக்கும் ஒரே பதில்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்கம்மா, பழகிக்குவாங்க" என்றாய். பழகுகிறவரைக்கும் மாட்டுகிறவன் கதி? நீ இன்னொரு தோசை கேட்டாய். அதன் பிறகு நான் ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தேன். வாயால் விதியைச் சொல்வேன், நல்ல பையனாக இருந்தால் முகம் நிறையச் சிரித்துக்கொண்டே சொல்வேன். வந்தவர்கள் புரிந்துகொண்டு நிம்மதியாகப் போவார்கள். சண்முகத்துக்கும் அப்படிச் சிரித்துத்தான் அடுத்த இடம் முடிந்தது. பிறகுதான் உறைத்தது, ஒருவனுக்குச் சிரித்தால் இன்னொருவனுக்குச் சிரிக்காததும் ஒரு பதில்தானே? அப்புறம் சிரிப்பையும் விட்டேன். இப்போது விசாரிக்க ஆள் வந்தால் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரிவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் பூங்கொடி ஒருநாள் லீவு கேட்டு வந்தாள். எங்கள் மில்லில் மூன்று நாளுக்கு மேல் லீவு என்றால் என்னிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அவள் நின்றுகொண்டே இருந்தாள், உட்கார் என்றேன், உட்கார்ந்தாள். சொன்னாள். நான் கேட்டேன். மேனேஜரிடம் குடும்ப விஷயம் என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவள் போய்விட்டுத் திரும்பி வந்தாள், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தக் காரணம் குற்றமும் இல்லை, அசிங்கமும் இல்லை. அவள் செய்த எதனாலும் வந்ததும் இல்லை. ஆனால் உன் அத்தை காதில் விழுந்தால் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போய்விடுவாள். பார்த்தாயா, இவ்வளவு சொன்னதே உனக்கு ஒரு துப்பு ஆகிவிட்டது. எதைச் சொல்லி எதை நிறுத்துவது என்று தெரியாமல்தான் எழுதிக்கொண்டு போகிறேன்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து நீ வந்து, "அம்மா, பூங்கொடி ஊட்டுல ஒரு வார்த்தை கேக்கறீங்களா?" என்றாய். எனக்கு முதலில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம், சாமி. அந்தப் பெண்ணை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும். அடுத்த நிமிஷம் அந்த லீவு ஞாபகம் வந்தது. வேறு மில்லில் வேலை செய்யும் வேறு பெண்ணாக இருந்திருந்தால் நானும்தான் ஒரு பேக்கரியில் போய் உட்கார்ந்திருப்பேன். நானும்தான் யாரோ ஒருத்தியிடம் "ஒரு சங்கதி கேக்கோணுங்க" என்றிருப்பேன். அவள் சொல்ல மறுத்தால் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன். இப்போது கேட்கவேண்டியவளும் நான், சொல்ல மறுக்கவேண்டியவளும் நான். இதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயர்?

அத்தை வந்திருந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கம் தெரியாது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "பொண்ணைப் பத்தி விசாரிக்க நாம எங்கயும் போகவேண்டியதில்லை, ஆபீசே நம்ம ஊட்டுக்குள்ள இருக்குது. ஏம்மிணி, நீயே சொல்லு, பொண்ணு எப்புடி?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. பழகிய வாய். "நாங்க யாரைப் பத்தியும் சொல்றதில்லீங்க" என்று வந்துவிட்டது. அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப என்னமோ இருக்குது" என்றாள். அப்பா பேப்பரை மடித்தார். நீ சிரித்தாய், உன் விதியை உன் அம்மா வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாய், சிரிப்பை நிறுத்திவிட்டாய். நான் பதறிப்போய், "தங்கமான பொண்ணுங்க, எனக்கு மனசாரப் பிடிச்சிருக்குதுங்க, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று கொட்டினேன். அத்தை, "அதை மொதல்லயே சொல்லோணுமல்ல, உசுரு போயிட்டு வந்துது" என்று டம்ளரை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இருந்தாலும் பொய் சொன்ன மாதிரியே அன்று முழுக்க இருந்தது.

மறுநாள் காலையில் நீ ஸ்கூட்டரை உதைத்துவிட்டு மேலே ஏறாமல் நின்றாய். "என்கிட்ட எதுனா சொல்லோணுங்களாம்மா?" என்றாய். நான், "வரும்போது தயிர் வாங்கிட்டு வா" என்றேன். நீ வண்டியில் ஏறிப் போனாய். சாயந்தரம் தயிர் வாங்கிக்கொண்டுதான் வந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். உன்னைப் பெற்றதிலிருந்து உன்னிடம் ஒன்றை மறைத்துவைக்க வேண்டியிருந்ததில்லை. நாளைக்கு உனக்குத் தெரியவந்து, அம்மாவுக்கு முன்பே தெரியும் என்றும் தெரியவந்தால், என் முகத்தில் விழிப்பாயா? சொல்லிவிட்டால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? இரண்டு பேரும் வேண்டும் எனக்கு.

பொறுக்க முடியாமல் மறுநாள் மதியம் அவளிடம் போனேன். சாப்பாட்டு நேரம், ஆபீசில் யாரும் இல்லை. அவள் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். "கண்ணு, நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்றேன். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. "நான் உங்ககிட்டச் சொன்னது லீவு வாங்கறதுக்குத்தானுங்க மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "நீங்க அவருக்கு அம்மான்னு அன்னிக்கும் எனக்குத் தெரியுமுங்க. ஆனா அன்னிக்கு நீங்க ஆபீசு. ஆபீசுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்." பிறகு, "நானே அவர்கிட்டச் சொல்லோணும்னுதான் இருக்கறனுங்க. வாயி வர மாட்டேங்குது" என்றாள். நான் அவள் கேரியரிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன், அவளும் சாப்பிட ஆரம்பித்தாள்.

நீ இனிமேல் மெட்ராஸில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு இதையே தொழிலாகச் சொல்லப் போகிறாய். ஆள்களைப் பற்றி எதைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம், யாருக்குக் காட்டலாம் என்று கேட்பார்கள். எங்கள் மில்லில் நான் ஒருத்தி வாயைக் கட்டினால் போதும், அங்கே எத்தனை வாயோ. சட்டம் தெளிவாக இல்லை என்று எங்கள் மேனேஜருக்குச் சொன்ன மாதிரியே அவர்களுக்கும் சொல்வாய், அது சரிதான், இல்லாததை இருக்கிறது என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு ஆள் ஒன்றைச் சொல்கிறான் என்றால் எதற்காகச் சொன்னான் என்று அவர்களை முதலில் கேட்கச் சொல். லீவுக்குச் சொன்னது கல்யாணத்துக்கு ஆகாது என்று பூங்கொடிக்குத் தெரிந்தது, எனக்கு இவ்வளவு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் எனக்குத் தெளிந்தது என்று நினைக்காதே. ஒரு பக்கம், அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். இன்னொரு பக்கம், நீ என் பிள்ளை. இந்த இரண்டையும் எந்த ஜட்ஜ் முன்னால் வைத்தாலும் தீர்ப்பு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் உன்னிடம் சொல்லிவிட்டாளா என்றும் எனக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் புடவை எடுக்கப் போய்விட்டு வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன், சொல்லியிருக்கிற மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்லாத மாதிரி இருந்தது. உன்னிடம் "சொல்லிட்டாளா?" என்று கேட்கவும் வழியில்லை. அவள் சொல்லியிருக்காவிட்டால், என் கேள்வியே சொல்லிக் கொடுத்துவிடும். அவளிடம் போய்க் கேட்டால் அவசரப்படுத்துகிற மாதிரி ஆகும். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, ஊருக்கெல்லாம் கொடுத்தாகிறது, நான் மட்டும் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். அத்தை, "மருமகள் வரப்போற குஷியில கிறுக்குப் புடிச்சுப்போச்சு உனக்கு" என்கிறாள்.

இவ்வளவு எழுதியபிறகு இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. இந்தக் கடிதத்தை உன் மேஜைமேல் வைத்தால் நான் சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம். என்ன என்று சொல்லாவிட்டாலும், ஏதோ இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டதே. பொள்ளாச்சிக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று எழுந்தேன், மனசு வராமல் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுதியதுதான், ஆனால் உனக்குக் கொடுக்கிற உரிமை எனக்கு இல்லை. அதனால் நாளைக்கு மதியம் இதைப் பூங்கொடி கையில் கொடுக்கப்போகிறேன். "படிச்சுப்பாரு கண்ணு, அவனுக்குக் குடுக்கறதுன்னாக் குடு, வேண்டாம்னாக் கிழிச்சுப்போடு, நான் எப்பவும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிக் கொடுப்பேன். அவளுக்கு இது துணையாக இருக்குமா, பாரமாக இருக்குமா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீ இதைப் படிக்கிறாய் என்றால், தம்பி, உன் கையில் இதைக் கொடுத்தது நான் இல்லை, அவள்தான். பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பாள். என்னிடம் ஓடிவந்து எதையும் கேட்காதே. கடிதத்தைக் கீழே வை, அவளை உட்காரச் சொல்.

அம்மா